பார்சல் ஆபீஸ் பூட்டிய சின்ன ஸ்டேஷன்கள்: மனுவில் எதைக் கேட்பது?

கொள்ளிடக்கரை

எங்கள் ஊர் ஸ்டேஷன் என்.எஸ்.ஜி-6 வகை, அதாவது புறநகர் அல்லாதவற்றில் கடைசி வகை. ஒற்றைப் பாதை, எதிரெதிர் வண்டிகள் மாறும் கிராஸிங் ஸ்டேஷன். எக்ஸ்பிரஸ் இரண்டு ஜோடி நிற்கிறது, அட்டவணையில் 1 நிமிடம். பார்சல் கிளார்க் பணியிடம் போய்விட்டது, எடை மேடை துருப்பிடித்துக் கிடக்கிறது. டிக்கெட் கவுன்டரைக் காலையில் கமிஷன் ஏஜென்ட் பார்க்கிறார், மற்ற நேரத்தில் ஸ்டேஷன் மாஸ்டரே பார்க்கிறார். பூ, கீரை, வெற்றிலை, நண்டுப் பெட்டி எல்லாமே இப்போது வேனில்தான் ஜங்ஷனுக்குப் போகின்றன.

வியாபாரிகள் சங்கம் ரயில்வே கோட்ட மேலாளர் டி.ஆர்.எம்-க்கு மனு எழுதப் போகிறது. "பழையபடி பார்சல் வசதி வேண்டும்" என்று மட்டும் எழுதினால் குப்பைக்குத்தான் போகும் என்று தெரியும். எந்த விதி குறுக்கே நிற்கிறது, எதைக் கேட்டால் நடக்க வாய்ப்பு இருக்கிறது என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பிரேக்வேன்

முதலில் லக்கேஜ் வேறு, பார்சல் வேறு என்று பிரித்துக்கொள்ளுங்கள். மனுவில் இரண்டையும் குழப்பினால் பதிலும் குழப்பமாகத்தான் வரும்.

லக்கேஜ் என்பது டிக்கெட் எடுத்த பயணியோடு போவது. இலவச அளவு ஸ்லீப்பரில் 40 கிலோ, இரண்டாம் வகுப்பில் 35, ஏசி மூன்றடுக்கில் 40, ஏசி இரண்டடுக்கில் 50, ஏசி முதல் வகுப்பில் 70. 5 முதல் 12 வயதுவரை உள்ள பிள்ளைக்கு இதில் பாதி. இலவசத்தையும் சேர்த்து ஸ்லீப்பரில் 80 கிலோ, இரண்டாம் வகுப்பில் 70 கிலோ வரை கொண்டுபோகலாம். கூடுதல் எடையை முன்கூட்டியே புக் செய்தால் லக்கேஜ் கட்டணத்தில் 1.5 மடங்கு, புக் செய்யாமல் பிடிபட்டால் 6 மடங்கு. பெட்டியின் அளவு 100 × 60 × 25 செ.மீ-க்கு மேல் போனால் பயணிகள் பெட்டியில் வைக்கக் கூடாது, கார்டு பெட்டியோடு சேர்ந்த லக்கேஜ் அறையான பிரேக் வேனுக்குத்தான் போக வேண்டும். வண்டி புறப்பட 30 நிமிடம் முன்னால் லக்கேஜ் ஆபீஸில் ஒப்படைக்க வேண்டும் என்பதும் விதி. உங்கள் ஊரில் ஆபீசே கிடையாது. அப்படியானால் 90 கிலோ வைத்திருப்பவர் சட்டப்படி உங்கள் ஸ்டேஷனில் ஏறவே முடியாது. மனுவுக்கு இது நல்ல பாயின்ட்.

பார்சல் என்பது ஆள் இல்லாமல் சரக்கு மட்டும் போவது. ஃபார்வர்டிங் நோட் என்ற அனுப்புநர் படிவம் எழுத வேண்டும், எடை போட வேண்டும், ஒவ்வொரு மூட்டையிலும் புறப்படும் இடம், சேரும் இடம், பில் எண் குறிக்க வேண்டும், ரயில்வே ரசீது தர வேண்டும். வண்டி வந்ததும் கார்டிடம் எண்ணி ஒப்படைத்துக் கையெழுத்து வாங்க வேண்டும். இந்த வேலைக்கு ஆள் இல்லாமல் போனதைத்தான் நீங்கள் "வசதி போய்விட்டது" என்கிறீர்கள்.

குறுக்கே நிற்பவற்றில் பெரியது நிறுத்த நேரம். இடைப்பட்ட ஸ்டேஷனில் வண்டி 5 நிமிடமாவது நின்றால்தான் அந்த வண்டிக்குப் பார்சல் எடுப்பார்கள். சேரும் ஸ்டேஷனுக்கும் இதே கணக்கு. உங்கள் ஊருக்கு 1 நிமிடம். கிளார்க்கைத் திரும்பப் போட்டாலும் அவர் கையைக் கட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பார்.

வடகாடு எக்ஸ்பிரஸ்

5 நிமிட விதியெல்லாம் சாக்கு சார். முன்னாடி 2 நிமிஷ நிறுத்தத்துலயே பூக்கூடையும் மீன் பெட்டியும் ஏத்தி இறக்கினாங்களே, வண்டி ஒண்ணும் கவிழ்ந்துடல.

பிரேக்வேன்

ஏற்றினார்கள், உண்மைதான். வண்டி தாமதமும் ஆனது. அந்தத் தாமதத்துக்குக் கணக்குக் கேட்கத் தொடங்கியபோதுதான் விதி இறுகியது.

கணக்குப் பார்ப்போம். வண்டி நின்று, கார்டு இறங்கி, கதவைத் திறக்க 20 விநாடி. சாத்தித் தாழிட்டுக் கையெழுத்துப் போட இன்னொரு 20. 2 நிமிடத்தில் மீதி இருப்பது 80 விநாடி. 40 கிலோக் கூடையை இரண்டு பேர் தூக்கி உள்ளே தள்ள 12 முதல் 15 விநாடி வைத்தாலும் ஐந்தாறு கூடைதான் ஏறும். அதுவும் உங்கள் ஊருக்கு இறங்க வேண்டிய சரக்கு கதவுப் பக்கமே அடுக்கியிருந்தால். அடியில் கிடந்தால் எடுக்க முடியாது, வண்டியோடு கடைசி ஸ்டேஷன் வரை போய்த் திரும்பி வரும். ஓவர்கேரி ஆன மல்லிகைப் பூவை யார் வாங்குவார்கள்?

நேரம் கிடைத்தாலும் அடுத்து பிளாட்பாரம் இருக்கிறது. எல்.எச்.பி. என்ற புது வகைப் பெட்டி ஒன்று 24 மீட்டர். 22 பெட்டி என்றால் 528 மீட்டர், இன்ஜினோடு கிட்டத்தட்ட 550. சின்ன ஸ்டேஷன் பிளாட்பாரம் பல இடத்தில் அதில் பாதிதான். லக்கேஜ் அறை இருப்பதோ வண்டியின் இரு முனைகளில், அதனால் அது பிளாட்பாரத்துக்கு வெளியே ஜல்லி மேல் போய் நிற்கும். பெட்டியின் தரை தண்டவாளத்திலிருந்து ஏறக்குறைய 1.2 முதல் 1.3 மீட்டர் உயரம். உயர் பிளாட்பாரம் 76 முதல் 84 செ.மீ. இருப்பதால் அங்கிருந்து முழங்கால் உயரத்துக்குத் தூக்கினால் போதும். ஜல்லியில் நின்றால் 40 கிலோவை நெஞ்சு உயரத்துக்கு ஏற்ற வேண்டும், காலுக்கடியில் கல் வேறு உருளும்.

சோழன்பாசஞ்சர்

இதோடு குத்தகையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பழைய ஐ.சி.எஃப். வண்டியில் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று இரண்டு எஸ்.எல்.ஆர். (கார்டு, லக்கேஜ் அறைகள் உள்ள பெட்டி), ஒவ்வொன்றிலும் 4 டன் அறை இரண்டு. ஆக 16 டன். இதில் பெரும்பகுதி தனியாருக்குக் குத்தகை. குத்தகைக்காரர் புறப்படும் இடத்தில் நிரப்பி சீல் வைத்துவிட்டால் சேரும் இடத்தில்தான் திறப்பார். நடுவில் இருக்கும் ஸ்டேஷன்காரருக்கு மிச்சம் ரயில்வே தன் கையில் வைத்திருக்கும் அறை மட்டும். எல்.எச்.பி-யில் இடம் இன்னும் குறைவு, ஜெனரேட்டர் பெட்டியில் லக்கேஜ் அறை 3.9 டன்.

பழைய பாசஞ்சர் வண்டிகளில் எஸ்.எல்.ஆர். இருந்தது, ஊர் ஊராக நின்றது. பால் கேனும் காய்கறி மூட்டையும் போனது அதில்தான். அவை மெமு (மின்சாரம்), டெமு (டீசல்) வண்டிகளாக மாறியபோது லக்கேஜ் அறை என்பதே காணாமல் போனது. 2020 மார்ச்சில் எல்லாம் நின்று, திரும்ப வந்தபோது பல வண்டிகள் "முன்பதிவில்லா எக்ஸ்பிரஸ் ஸ்பெஷல்" என்ற பெயரில் குறைந்தபட்சம் 30 ரூபாய் கட்டணத்தோடு ஓடின. 2024 பிப்ரவரியில் கட்டணம் பழைய 10 ரூபாய்க்கு இறங்கியது. போன நிறுத்தங்கள் எல்லா ஊருக்கும் திரும்பவில்லை.

லூப்லைன்

ஆள் குறைப்பைப் பற்றி ஒன்று. சின்ன ஸ்டேஷனில் ஸ்டேஷன் மாஸ்டர் இருப்பது பயணிக்காக அல்ல, வண்டி ஓட்டத்துக்காக. இது புரிந்தால் மற்றதெல்லாம் புரியும்.

ஒற்றைப் பாதையில் எதிரெதிர் வண்டிகள் மாற லூப் என்ற பக்கப் பாதை வேண்டும். லூப்புக்கு சிக்னல், சிக்னலுக்கு மாஸ்டர், தடம் மாற்ற உதவும் பாயின்ட்ஸ்மேன். 24 மணி நேரமும் திறந்திருக்க வேண்டுமென்றால் 8 மணி நேரத்துக்கு ஒருவராக மூன்று மாஸ்டர், வார ஓய்வுக்கு ரெஸ்ட் கிவர், லீவுக்கு ஒரு ரிசர்வ் ஆள். போக்குவரத்து குறைந்த இடத்தில் 12 மணி நேர ரோஸ்டர் போட்டு ஆளைக் குறைப்பார்கள். எப்படியும் ஆள் இருக்கிறாரே என்று டிக்கெட், பார்சல், விசாரணை எல்லாவற்றையும் அவர் தலையிலேயே கட்டினார்கள்.

பாதை இரட்டையாகும்போது எதிர்வண்டிக்காகக் காத்திருக்கும் வேலை போய்விடுகிறது. இரண்டு பெரிய ஸ்டேஷனுக்கு நடுவில் வண்டிகளை நெருக்கமாக விட ஐ.பி.எஸ். என்ற இடைச் சிக்னல் போதும். அதற்கு ஆள் வேண்டாம், பக்கத்து ஸ்டேஷன் மாஸ்டர் பேனலில் இருந்தே பார்த்துக்கொள்வார். அதோடு பழைய ஸ்டேஷன் ஹால்ட் ஆகிவிடும். பிளாட்பாரமும் பெயர்ப்பலகையும் மிஞ்சும். ஹால்ட்டில் பார்சலும் கிடையாது, லக்கேஜ் புக்கிங்கும் கிடையாது.

அகலப்பாதை மாற்றத்திலும் இதே கதைதான். திருவாரூர்–காரைக்குடி 149 கி.மீ. பாதையில் 2019 ஜூனில் டெமு ஓட ஆரம்பித்தபோது லெவல் கிராஸிங்குகளுக்கு கேட் கீப்பர் போடவில்லை. வண்டியிலேயே ஆட்களை ஏற்றிக்கொண்டு, ஒவ்வொரு கேட்டுக்கு முன்னாலும் நிறுத்தி, ஒருவர் இறங்கி கேட்டைச் சாத்த, வண்டி தாண்டி நிற்க, பின்னால் இருப்பவர் திறந்துவிட்டு ஓடிவந்து ஏறினார்கள். 149 கி.மீ-க்கு ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆனது. தண்டவாளம் புதிது, கட்டடம் புதிது, ஆள் மட்டும் இல்லை.

வடகாடு எக்ஸ்பிரஸ்

சரி, எங்க ஊர்ல மாஸ்டர் இருக்காரே. அவரே ரெண்டு மூட்டையை எடை போட்டா என்ன குறைஞ்சு போயிடும்?

லூப்லைன்

வண்டி வரும் 15 நிமிடத்துக்கு முன்னால் அவர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். பக்கத்து ஸ்டேஷன் போனில் லைன் கிளியர், அதாவது வண்டியை அனுப்ப அனுமதி, கேட்கும். கொடுத்தால் அதை உறுதி செய்யும் பிரைவேட் நம்பர் பரிமாறி ரிஜிஸ்டரில் எழுத வேண்டும். லூப்பா மெயினா என்று முடிவு செய்து ரூட் செட் பண்ண வேண்டும், சிக்னல் எடுக்க வேண்டும், கேட்டுக்குச் சொல்ல வேண்டும், கன்ட்ரோலுக்கு நேரம் சொல்ல வேண்டும். எதிர் வண்டி இருந்தால் இதெல்லாம் இரண்டு மடங்கு. அதே 15 நிமிடத்தில்தான் டிக்கெட் ஜன்னலில் 30 பேர் நிற்பார்கள், உங்கள் பூ வியாபாரியும் கூடையோடு வருவார். ஒரு நம்பர் தப்பினால் போவது அவர் வேலை, சில நேரம் உயிர்கள். அவரை மூட்டை எடை போடச் சொல்லி மனு எழுதாதீர்கள். இயக்கப் பிரிவு ஒரே வரியில் நிராகரித்துவிடும், அது சரியும்கூட.

கவுன்டர் நம்பர் 1

டிக்கெட் பக்கத்தை நான் சொல்கிறேன்.

ஹால்ட் ஏஜென்ட் ரயில்வே ஊழியர் கிடையாது. பக்கத்துப் பெரிய ஸ்டேஷனில் டிக்கெட்டுக்கு முன்பணம் கட்டி வாங்கி வந்து விற்று, விற்பனைக்கு ஏற்ற கமிஷன் வாங்குபவர். வண்டி வராத நாளில் அவருக்கு வருமானம் கிடையாது. நிறுத்தம் இரண்டு குறைந்தால் அவருக்கு பஸ் செலவே கட்டாது, விட்டுவிட்டுப் போய்விடுவார். புதிய ஏஜென்டுக்கு அறிவிப்பு வரும், யாரும் விண்ணப்பிக்க மாட்டார்கள், கவுன்டர் பூட்டப்படும். பல ஹால்ட்டுகள் இப்படித்தான் போயின.

அவரிடம் இருந்தவை அச்சிட்ட அட்டை டிக்கெட்டுகள். ஒவ்வொரு ஊருக்கும் தனித்தனிக் கட்டு. ஆள் அதிகம் போகும் ஊர்களுக்குத்தான் கட்டு இருக்கும். அதைத் தாண்டிப் போகிறவர் ஜங்ஷனில் இறங்கி மறுபடி டிக்கெட் எடுக்க வேண்டும். ராயபுரம் உட்பட ரயில்வேயின் கடைசி அச்சகங்களையும் மூடுவதென்று 2023-ல் முடிவானது. அட்டை தீர்ந்த இடத்தில் கையால் எழுதும் வெற்றுத் தாள் டிக்கெட்தான், ஒன்று எழுத ஒரு நிமிடமாவது ஆகும்.

எஸ்.டி.பி.ஏ. என்கிற ஸ்டேஷன் டிக்கெட் புக்கிங் ஏஜென்ட் வேறு. கொள்ளிடக்கரை சொல்லும் காலை நேர ஆள் இவராகத்தான் இருக்க வேண்டும். ஸ்டேஷன் கவுன்டரிலேயே உட்கார்ந்து கம்ப்யூட்டரில் முன்பதிவில்லா டிக்கெட் கொடுப்பார். லக்கேஜோ பார்சலோ அவர் கையில் இல்லை, கேட்டுப் பிரயோசனமும் இல்லை.

கவுன்டர் பூட்டியிருந்தால் பயணி என்ன செய்வது? போனில், 2025 ஜூலையில் வந்த ரயில்ஒன் ஆப். ஸ்டேஷனுக்குள் வந்த பிறகு காகிதமில்லா டிக்கெட் எடுக்கப் போனால் ஆப் மறுக்கும். அங்கே ஒட்டியிருக்கும் க்யூ.ஆர். குறியீட்டை ஸ்கேன் செய்தால்தான் எடுக்கும். அந்த ஸ்டிக்கரை வெயில் தின்றிருந்தால் ரோட்டுப் பக்கம் போய் எடுத்துவிட்டு வரவேண்டியதுதான். பட்டன் போன்காரர்களுக்கு ஒரே வழி, ஏறுவதற்கு முன்னால் கார்டிடம் சொல்லிச் சான்று வாங்குவது. 2022 ஜனவரியிலிருந்து அவருக்கு டிரெயின் மேனேஜர் என்று பெயர். சான்று இருந்தால் கட்டணம் மட்டும் போதும். இல்லாவிட்டால் 1989 ரயில்வே சட்டம் பிரிவு 138-ன்படி கட்டணத்தோடு அதற்குச் சமமான தொகை அல்லது 250 ரூபாய், எது அதிகமோ அது. ஆனால் 1 நிமிட நிறுத்தத்தில் கடைசிப் பெட்டி வரை ஓடி, சான்று எழுதி வாங்கி, அதற்குள் ஏறவும் வேண்டும்!

மணல்மேடு மணி

அம்ரித் பாரத் ஸ்டேஷன் திட்டத்துல சேர்த்துட்டாங்கன்னா ஆள் போடுவாங்களா?

கவுன்டர் நம்பர் 1

அது கட்டடத் திட்டம். 2025 மே 22 அன்று நாடு முழுக்கத் திறந்த 103 ஸ்டேஷன்களில் சாமல்பட்டி, போளூர் மாதிரிச் சின்னவையும் உண்டு. முகப்பு, காத்திருப்புக் கூடம், கழிப்பறை, வண்டி நிறுத்துமிடம் வரும். பணியிடம் வேறு ஃபைல், வேறு மேஜை.

ராயல்400

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். சின்ன ஸ்டேஷனிலிருந்து பைக் அனுப்ப என்னதான் வழி? சென்னைக்குப் போக வேண்டும்.

பிரேக்வேன்

சின்ன ஸ்டேஷனிலிருந்து முடியாது. பார்சல் ஆபீஸ் உள்ள ஜங்ஷனுக்கு ஓட்டிக்கொண்டு போங்கள். எழும்பூரோ தாம்பரமோ, சேரும் இடத்தில் பார்சல் இறக்குவார்களா என்பதை புக் செய்வதற்கு முன்பே உறுதிப்படுத்துங்கள். திரும்ப அனுப்பும்போது பலர் இதில்தான் மாட்டுகிறார்கள். சொந்த ஊர்ச் சின்ன ஸ்டேஷன் பெயரைச் சொல்வார்கள், கிளார்க் எடுக்க மாட்டார்.

ஆர்.சி. நகல், அடையாள அட்டை நகல் வேண்டும், அசலும் கையில் இருக்கட்டும். பெட்ரோலை முழுக்க வடித்துவிட வேண்டும். குழாயைக் கழற்றிக் கடைசிச் சொட்டு வரை எடுங்கள், மூடியைத் திறந்து முகர்ந்து பார்ப்பார்கள். அபாயகரமான பொருள் என்று ரயில்வே சட்டம் பிரிவு 164-ல் வழக்குப் போட்டால் 3 ஆண்டு வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கண்ணாடிகளைக் கழற்றிப் பையில் எடுத்துக்கொள்ளுங்கள். ஹெட்லைட், டேங்க், இண்டிகேட்டர், ஹேண்டில் முனை, கிளட்ச் பிரேக் லீவர், சைலன்சர் எல்லாவற்றுக்கும் வைக்கோலோ ஃபோமோ வைத்துச் சாக்கால் சுற்றிச் சணலில் கட்ட வேண்டும். சாக்கின் மேல் இரண்டு பக்கமும் அட்டை தைத்துப் புறப்படும் ஊர், சேரும் ஊர், பில் எண் எழுதுங்கள். சாக்பீஸ் எழுத்து ஒரு மழைக்குத் தாங்காது. சாவி உங்களிடம் இருக்கட்டும், ஹேண்டில் லாக் போடாதீர்கள். பூட்டிய வண்டியை உருட்ட முடியாமல் தூக்கிப் போடும்போதுதான் டேங்க் நசுங்குகிறது.

டிக்கெட் இருந்தால் லக்கேஜாகவே புக் செய்யலாம். இடம் இருந்தால் அதே வண்டியில் வரும். இலவச எடை பைக்குக்கும் சைக்கிளுக்கும் பொருந்தாது, முழு எடைக்கும் கட்டணம் உண்டு.

சோழன்பாசஞ்சர்

புக்கிங் படிவத்தில் உள்ள மதிப்புக் கட்டத்தை யாரும் படிப்பதில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். மதிப்பு அறிவித்து அதற்கான சதவீதக் கட்டணம் கட்டாவிட்டால், தொலைந்தாலோ உடைந்தாலோ ரயில்வேயின் பொறுப்பு லக்கேஜுக்கு கிலோவுக்கு 100 ரூபாய், பார்சலுக்கு 50 ரூபாய் வரைதான். 150 கிலோ பைக் பார்சலாகப் போய்க் காணாமல் போனால் 7,500 ரூபாய். வண்டி விலையை வைத்து நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

புக் செய்யாமல் கூடவே கொண்டுபோகும் பைகளுக்கு இதுவும் கிடையாது. பிரிவு 100-ன்படி ரயில்வே ஊழியர் புக் செய்து ரசீது கொடுத்திருந்தால்தான் பொறுப்பு. அதாவது லக்கேஜ் ஆபீஸ் இல்லாத ஊரில் ஏறுகிறவருக்கு அந்தப் பாதுகாப்பே எட்டாது. இதையும் மனுவில் போடலாம். நஷ்டஈடு நோட்டீஸ் 6 மாதத்துக்குள் எழுத்தில் போக வேண்டும், பிரிவு 106. போனில் பேசியது, 139 உதவி எண்ணில் புகார் போட்டது எதுவும் அதற்கு ஈடாகாது.

வடகாடு எக்ஸ்பிரஸ்

அப்ப மனுவே வேண்டாம், எஸ்.இ.டி.சி. பஸ்லயே பார்சல் 2022-லேருந்து எடுக்கிறாங்க, அதுல போட்டுட்டுப் போலாம்னு சொல்றீங்களா? ரயில் பார்சல் செத்துப்போச்சு, ஒத்துக்குங்க.

பிரேக்வேன்

பஸ் டிக்கியில் நண்டுப் பெட்டி, அதன்மேல் பூக்கூடை, அதற்கும் மேல் யாரோ ஒருவரின் சூட்கேஸ். பத்துக் கிலோ பேப்பர் கட்டுக்குப் பஸ் சரி. நாள் ஒன்றுக்கு 400 கிலோ அழுகும் சரக்குக்கு ரயில் கட்டணத்தை மிஞ்ச எதுவும் இல்லை. செத்தது சின்ன ஸ்டேஷனில் ஏற்றும் முறை, பார்சல் பிழைக்கிறது. குத்தகை அறைகளை ஏலம் எடுக்க ஆள் வருகிறார்களே.

லூப்லைன்

கொள்ளிடக்கரை, உங்களுடையது கிராஸிங் ஸ்டேஷன் என்றீர்கள். அங்கேதான் உங்கள் துருப்புச் சீட்டு இருக்கிறது.

மக்கள் பார்க்கும் அட்டவணையில் 1 நிமிடம் என்று போட்டிருந்தாலும், எதிர் வண்டிக்காக உங்கள் ஊரில் 8, 10 நிமிடம் நிற்கும் எக்ஸ்பிரஸ் ஏதாவது இருக்கிறதா? ஒற்றைப் பாதையில் அநேகமாக இருக்கும். ஊழியர்களுக்கான ஒர்க்கிங் டைம்டேபிளில் எந்த வண்டி எங்கே கிராஸ் ஆகிறது என்று வரையறுத்திருப்பார்கள். ஒரு மாதம் அந்த வண்டியின் உண்மையான வந்த நேரம், போன நேரம் குறித்து வையுங்கள். 30 நாளில் 25 நாள் 5 நிமிடத்துக்கு மேல் நின்றிருந்தால், "கூடுதல் நிறுத்தம் வேண்டாம், ஏற்கெனவே நிற்கும் நேரத்தை 5 நிமிட வணிக நிறுத்தமாக அறிவியுங்கள்" என்று கேட்கலாம். ஓட்ட நேரம் ஒரு நிமிடம்கூடக் கூடாது. மறுக்க இயக்கப் பிரிவுக்குக் காரணம் தேட வேண்டியிருக்கும்.

இரண்டு விஷயம் மட்டும் முன்னாடியே பாருங்கள். அந்த வண்டி எந்த லைனில் நிற்கிறது? லூப்பில் பிளாட்பாரம் இருந்து, வண்டி மெயினில் நின்றால் பிரயோசனம் இல்லை. ரயில்வே கையில் உள்ள லக்கேஜ் அறை முன்னாலா பின்னாலா, அது பிளாட்பாரத்துக்குள் வருகிறதா? பிளாட்பாரத்தின் முனையில் நின்று பார்த்தாலே தெரிந்துவிடும். வரவில்லை என்றால் பிளாட்பார நீட்டிப்பு பொறியியல் பிரிவுக்குத் தனிக் கோரிக்கை, அதற்கு வருடக்கணக்கு ஆகும்.

கொள்ளிடக்கரை

அருமை அண்ணே. இரவு வண்டி ஒன்று தினமும் எதிர் வண்டிக்கு நிற்கிறது, பிளாட்பாரம் உள்ள லூப்பில்தான். நேரம் குறிக்க ஆள் போடுகிறேன். ஆனால் புக் செய்ய ஆள்?

கவுன்டர் நம்பர் 1

நிரந்தரப் பணியிடம் கேட்காதீர்கள், கிடைக்காது. ஜங்ஷன் பார்சல் ஆபீஸிலிருந்து ஒரு கிளார்க், அந்த வண்டிக்கு முன் 2 மணி நேரம் மட்டும், வாரத்தில் 3 நாள், 6 மாதம் சோதனை அடிப்படையில் என்று கேளுங்கள். நிறுத்தங்களையே இப்போது சோதனை அடிப்படையில்தான் கொடுக்கிறார்கள், அந்தச் சொல் அவர்களுக்குப் பழகியது. சுமை தூக்க அனுப்புநரே ஆள் தருவார் என்று எழுதுங்கள். எடை மேடை பற்றியும் ஒரு வரி. மின்னணுத் தராசுக்கு ஆண்டுக்கு ஒரு முறை எடையளவு முத்திரை வேண்டும். அது காலாவதியாக இருந்தால் கிளார்க் வந்தாலும் புக்கிங் நடக்காது. பழைய துருத் தராசைப் பழுது பார்ப்பதைவிட 300 கிலோ பிளாட்பாரத் தராசு புதிதாகக் கேட்பது சுலபம்.

மனுவுக்கு முன்னால் 10 ரூபாய் ஆர்.டி.ஐ. ஒன்று போடுங்கள். கடைசி 5 ஆண்டில் உங்கள் ஸ்டேஷனின் பயணிகள் எண்ணிக்கை, வருமானம், பார்சல் மூடும் முன் கடைசி 3 ஆண்டில் புக் ஆன குவின்டால், மூடச் சொன்ன உத்தரவின் நகல். பயணிகள் எண்ணிக்கையைக் கேட்கும்போது "இந்த ஸ்டேஷனில் விற்ற டிக்கெட்" தனி, "இந்த ஸ்டேஷனிலிருந்து தொடங்கும் பயணங்கள், ஆப் மற்றும் பிற கவுன்டர்களில் எடுத்தவை உட்பட" தனி என்று இரண்டாகக் கேளுங்கள். கவுன்டர் பாதி நேரம் பூட்டியிருந்தால் முதல் எண் சரியத்தான் செய்யும். அந்த எண்ணை வைத்து உங்களையே மடக்குவார்கள்.

மனு கோட்டத்தின் வணிக மேலாளரான சீனியர் டி.சி.எம். பெயருக்கு, நகல் டி.ஆர்.எம்-க்கும் கோட்டப் பயனாளர் ஆலோசனைக் குழு உறுப்பினருக்கும். குழுக் கூட்டத்தில் வைத்தால் எழுத்தில் பதில் தந்தாக வேண்டும்.

கொள்ளிடக்கரை

வரைவு: "வண்டி எண் ____, எங்கள் ஸ்டேஷனில் நாள்தோறும் கிராஸிங்குக்காக நிற்கும் நேரத்தை 5 நிமிட நிறுத்தமாக அறிவிக்கவும். வாரம் 3 நாள் பார்சல், லக்கேஜ் புக்கிங் 6 மாதம் சோதனை அடிப்படையில் தொடங்கவும். நாள் ஒன்றுக்கு 5 குவின்டால் பூ, கீரை, வெற்றிலை தருவோம் என உறுதி கூறுகிறோம்." சரியா?

பிரேக்வேன்

குவின்டாலில் எழுதினால் எத்தனை மூட்டை, ஏற்ற எவ்வளவு நேரம் என்று அவர்கள் பாட்டுக்கு ஒரு கணக்குப் போடுவார்கள். "40 கிலோவுக்கு மிகாத கூடை 12, ஏற்ற 4 பேர்" என்று எழுதுங்கள். இரண்டு ஜோடி ஆள் மாறி மாறித் தூக்கினால் 12 கூடைக்கு ஒன்றரை, இரண்டு நிமிடம், கதவு வேலையோடு மூன்றுக்குள் முடிந்துவிடும். "சென்னையில் இறக்கும் சரக்கு மட்டும், இடை ஸ்டேஷன் எதற்கும் இல்லை" என்றும் சேருங்கள். நடுவழியில் இறக்கும் தலைவலி இல்லை என்று தெரிந்தால் பாதி எதிர்ப்பு அங்கேயே போய்விடும். நண்டுப் பெட்டியை இதில் சேர்க்காதீர்கள், ஐஸ் தண்ணீர் ஒழுகினால் பக்கத்துச் சரக்குக்காரர் புகார் கொடுப்பார். அதற்குத் தெர்மாகோல் பெட்டி, உள்ளே பாலித்தீன் உறை, டேப் ஒட்டிய மூடி என்று ஏற்பாடு செய்துவிட்டு அடுத்த மனுவில் கேட்கலாம்.